குளிர்காலத்துல காட்டுக்காளான் தேடறதும் அடையாளம் கண்டுபிடிக்கறதும்

இலையுதிர் காலம் முடிஞ்சு மொத உறைபனி விழுந்ததும் காளான் தேடறவங்கள்ல பாதி பேரு கூடையைத் தூக்கிப் பரண்ல போட்டுடறாங்க. புதுசா கத்துக்க வர்றவங்ககிட்ட நான் சொல்றது என்னன்னா, டிசம்பர்லதான் ஆரம்பிங்க. அக்டோபர்ல ஒரு நல்ல காட்டுக்குள்ள நுழைஞ்சீங்கன்னா பத்தடிக்கு ஒரு வகை கண்ணுல படும், அதுல முக்கால்வாசி பழுப்பு கலர்ல ஒண்ணுக்கொண்ணு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், எதைப் பாக்கறது எதை விடறதுன்னு தெரியாம தலை சுத்திப் போய் வீட்டுக்கு வருவீங்க. குளிர்காலத்துல அந்தக் கூட்டம் இல்ல. ஒரு மதியம் முழுக்க நடந்தா பத்து பன்னெண்டு வகை கிடைக்கும், ஒவ்வொண்ணுகிட்டயும் உக்காந்து நிதானமா பழகலாம்.

நான் சொல்றது வடக்குப் பக்கம் குளிர் நாடுகள்ல டிசம்பர்லேர்ந்து மார்ச் வரைக்கும் இலை கொட்டி மொட்டையா நிக்கற காடுகளைப் பத்தி. இன்னொண்ணு, இது சாப்பிடறதுக்கான கைடு கிடையாது. பாக்கறதுக்கும் பேர் கண்டுபிடிக்கறதுக்கும் மட்டும்தான். ஏன்னு கீழ ஒரு கதை சொல்றேன்.

மொதல்ல எங்க பாக்கணும். தரையை மறந்துடுங்க. மண்ணுல முளைக்கற குடைக்காளான் பெரும்பாலும் ரெண்டு கடும் உறைபனி விழுந்தாலே கூழாயிடும், ஜனவரில கிடைச்சாலும் கருத்துப்போன ஒரு வழவழப்புதான் இருக்கும். குளிர்காலத்துக் காளான் இருக்கறது மரத்துல. விழுந்து கிடக்கற கட்டை, நின்னபடியே செத்த மரம், வெட்டுன அடிமரம், பாசிக்குள்ள பாதி புதைஞ்ச சுள்ளி, இவ்வளவுதான் உங்க ஏரியா. கட்டை ஸ்பாஞ்ச் மாதிரி தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்கும், காத்து சில்லுனு அடிச்சாலும் கட்டைக்குள்ள அவ்வளவு சீக்கிரம் உறையாது, உள்ள ஓடற பூஞ்சை இழை பாட்டுக்கு வேலையைப் பாத்துட்டு இருக்கும். ஓடைக்கரை, பள்ளம், வெயில் கம்மியா விழற ஈரமான சரிவு, இந்த மாதிரி இடத்துல ஆரம்பிச்சா நேரம் மிச்சம். காத்து உலத்தற மேட்டுப் பக்கம் போய் அலையாதீங்க.

எப்பப் போகலாம்னா, நாலஞ்சு நாள் நல்லா உறைஞ்சுட்டு அப்புறம் கொஞ்சம் இளகி மழை பெய்யும் பாருங்க, அதுக்கு ரெண்டு மூணு நாள் கழிச்சு. அப்பத்தான் காய்ஞ்சு சுருங்கிப் போயிருந்த ஜெல்லி வகை எல்லாம் தண்ணி குடிச்சு உப்பி கலரோட நிக்கும். பொழுது சீக்கிரம் சாயும், அதனால காலைலயே கிளம்பிடுங்க. காத்து பலமா அடிக்கற நாள்ல செத்த மரத்தடில நிக்கவே கூடாது, மேலேர்ந்து கிளை முறிஞ்சு விழுந்தா ஹெல்மெட் கூட காப்பாத்தாது. அந்தக் காட்டுல நடக்கவும் எடுக்கவும் அனுமதி உண்டான்னும் முன்னாடியே பாத்துக்கங்க.

கையில என்ன வேணும்? பத்து மடங்கு பெரிசு பண்ற சின்ன லென்ஸ் ஒண்ணு, ஒரு சின்னக் கத்தி, பென்சில் (பேனா குளிர்ல எழுதாது), மூடி போட்ட சின்ன டப்பா இல்லன்னா பேப்பர் பை. பிளாஸ்டிக் கவர் வேண்டாம், உள்ள வேர்த்து அழுகிடும். அப்புறம் எனக்கு ரொம்ப உபயோகமா இருக்கறது மேக்கப் பண்றப்ப வெச்சுப் பாப்பாங்களே அந்த மாதிரி ஒரு குட்டிக் கண்ணாடி. மரத்துல ஒட்டியிருக்கற காளானோட அடிப்பக்கத்தைப் பறிக்காமலே அதை நீட்டிப் பாத்துடலாம், ஈர மண்ணுல முட்டி போட்டுத் தலையைச் சாய்க்க வேண்டியதில்ல.

காளானைப் பாக்கறதுக்கு முன்னாடி அது எந்த மரத்துல இருக்குன்னு பாருங்க. இது சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனா குளிர்காலத்துல பாதி விடை இதுலயே இருக்கு. இலை இல்லையே எப்படி மரத்தைக் கண்டுபிடிக்கறதுன்னு கேப்பீங்க. பட்டையும் மொட்டும் இருக்கே. பிர்ச்னா வெள்ளைப் பட்டை, பேப்பர் மாதிரி உரியும். பீச்சுக்கு வழவழப்பான சாம்பல் பட்டை, ஊசி மாதிரி நீண்டு கூர்மையான மொட்டு. ஆஷ் மரத்துக்கு மொட்டு கன்னங்கரேல்னு ஜோடி ஜோடியா எதிரெதிரா இருக்கும், தப்பவே முடியாது. ஓக்குக்குக் கிளை நுனியில மொட்டு கொத்தா சேந்து இருக்கும். எல்டர் மரம் புதர் மாதிரி, பட்டை கார்க் மாதிரி வெடிச்சுப் போய் இருக்கும். விழுந்து கிடக்கற கட்டைன்னா பக்கத்துல என்ன மரம் நிக்குதுன்னு பாருங்க, பெரும்பாலும் அதோட கிளைதான். ஒண்ணுமே தெரியலன்னா ஊசியிலை மரமா அகன்ற இலை மரமான்னாவது எழுதி வெச்சுக்கங்க.

அடுத்தது அடிப்பக்கம். மேல இருக்கற கலரை நம்பாதீங்க, மழை, பனி, வயசு மூணும் சேந்து கலரை மாத்திடும், ஒரே கட்டையில ஒரே வகை மூணு கலர்ல இருக்கறதைப் பாத்துருக்கேன். அடியில என்ன இருக்குங்கறது மாறாது. புத்தகப் பக்கம் மாதிரி மெல்லிசுத் தகடு வரிசையா இருந்தா அது கில்ஸ். ஊசியால குத்துன மாதிரி ஓட்டை ஓட்டையா இருந்தா போர்ஸ். ஒண்ணுமே இல்லாம சப்பையா வழவழன்னு இருக்கறதும் உண்டு. இது போக கிண்ணம் மாதிரி, ஜெல்லி மாதிரி, கரிக்கட்டை மாதிரி சில கூட்டம். இப்படி எந்தக் கூட்டம்னு பிரிச்சுட்டா அப்புறம் தேடறது சுலபம், பிரிக்காம போட்டோ புக்கைப் புரட்டிக்கிட்டே இருந்தா ராத்திரி முழுக்க புரட்டலாம்.

இதுக்கு நல்ல உதாரணம் டர்க்கி டெயில்னு சொல்ற ட்ராமீட்டஸ் வெர்சிகலர். குளிர்காலத்துல எந்தக் காட்டுல போனாலும் இருக்கும், அடுக்கடுக்கா விசிறி மாதிரி, பழுப்பு சாம்பல் நீலம்னு வளையம் வளையமா, ஓரத்துல ஒரு வெள்ளைக் கோடு. பாக்க இதே மாதிரி ஆரஞ்சு கலந்த வளையத்தோட இன்னொண்ணும் அதே மாதிரிக் கட்டையிலயே இருக்கும், அது ஸ்டீரியம் ஹிர்சூட்டம். மேலேர்ந்து பாத்துட்டு நான் ஒரு சீசன் முழுக்க ரெண்டையும் ஒண்ணுன்னு எழுதி வெச்சிருந்தேன். திருப்பிப் பாத்தா ஒரு நொடி வேலை. டர்க்கி டெயிலுக்கு அடியில வெள்ளையா, லென்ஸ்ல பாத்தா ஒரு மில்லிமீட்டருக்குள்ள நாலஞ்சு ஓட்டை. ஸ்டீரியத்துக்கு அடியில ஓட்டையே கிடையாது, மஞ்சள் ஆரஞ்சு கலர்ல சப்பையா இருக்கும்.

பெரிசா தட்டு மாதிரி மரத்துல நீட்டிட்டு இருக்கறதுங்க குளிர்காலத்துல எங்கயும் போகாது, அதனால தொடக்கத்துக்கு அதுங்க நல்லது. பிர்ச்ல மட்டும் வர்றது ஃபோமிட்டாப்சிஸ் பெட்டுலினா, மேல வெளிர் பழுப்பு, அடியில வெள்ளை, ஓரம் உள்பக்கமா ரொட்டி விளிம்பு மாதிரி உருண்டிருக்கும். அதே பிர்ச்லயும் பீச்லயும் குதிரைக் குளம்பு மாதிரி சாம்பல் கலர்ல கல்லு கணக்கா இருந்தா ஃபோமஸ் ஃபோமென்டேரியஸ். 1991ல ஆல்ப்ஸ் மலையில பனிக்குள்ள கிடைச்ச ஓட்ஸிங்கற அந்த மனுஷன், கிட்டத்தட்ட 5,300 வருஷம் பழசு, அவன் கிட்ட இந்த ரெண்டுமே இருந்துச்சு. குளம்புக் காளான் நெருப்புப் பத்த வெக்க. பிர்ச் காளானை ரெண்டு துண்டாத் தோல் வார்ல கோத்து வெச்சிருந்தான், அது எதுக்குன்னு இன்னும் பேசிக்கிட்டே இருக்காங்க, மருந்துன்னு நிறைய பேர் சொல்றாங்க.

இந்தக் குளம்புக் காளான் கிட்ட ஒரு விளையாட்டு இருக்கு. அது பல வருஷம் வாழும், போர்ஸ் எப்பவும் நேரா பூமியைப் பாத்துதான் இருக்கும், ஏன்னா ஸ்போர் (காளானோட விதை மாதிரியான தூள்) நேரா கீழ விழுந்தாத்தான் வெளிய வர முடியும். மரம் விழுந்துடுச்சுன்னா பழைய காளான் செங்குத்தா திரும்பிக்கும், அதுக்கு அப்புறம் வளர்ற புது அடுக்கு மட்டும் மறுபடி தரையைப் பாத்து மடங்கி வளரும். அதனால விழுந்து கிடக்கற கட்டையில காளான் எந்தப் பக்கம் பாத்து இருக்குன்னு பாத்தாலே, மரம் நிக்கும்போது வந்ததா விழுந்தப்பறம் வந்ததான்னு சொல்லிடலாம்.

கானோடெர்மா அப்ளனேட்டம்னு ஒண்ணு, அதே மாதிரி பெரிய தட்டுதான், ஆனா அடியில வெள்ளையா இருக்கும், நகத்தால கீறுனா கீறுன இடம் உடனே பழுப்பாகிடும். அதுல படம் கூட வரைவாங்க. சுத்தியிருக்கற இலை மேல, பாசி மேல கோகோ பவுடர் கொட்டுன மாதிரி பழுப்புத் தூசி படிஞ்சிருந்தா அது அதோட ஸ்போர்தான், குளிர்காலத்துலயும் அந்தத் தூசி அங்கயே ஒட்டிக்கிட்டு இருக்கும்.

ஆஷ் கட்டையில கறுப்பா உருண்டையா கருகிப்போன பன்னு மாதிரி இருந்தா டால்டீனியா. குறுக்க வெட்டிப் பாருங்க, மர வளையம் மாதிரி உள்ள வெள்ளியும் கறுப்புமா அடுக்கு தெரியும். அடிமரத்துல அணைஞ்ச மெழுகுவர்த்தித் திரி மாதிரி கறுப்புக் காம்பும் வெள்ளை நுனியுமா குட்டி குட்டியா நிக்கறது சைலேரியா ஹைப்பாக்சிலான், விரலால சுண்டுனா வெள்ளைத் தூள் பறக்கும். இது ரெண்டுலயும் தப்பு பண்றது கஷ்டம்.

ஜெல்லி வகைக்கு வருவோம். எல்டர் மரத்துல பழுப்பு கலர்ல மனுஷக் காது மாதிரியே தொங்கிட்டு இருந்தா ஜெல்லி இயர், ஆரிக்குலேரியா. தொட்டா ரப்பர், வெளிப்பக்கம் மெல்லிசு பூனை முடி. வெயில்ல காய்ஞ்சா மொறமொறன்னு ஆகி சுருங்கிடும், தண்ணியில போட்டா கொஞ்ச நேரத்துல திரும்பக் காதாகிடும். மஞ்சள் கலர்ல மூளை மாதிரி மடிப்பு மடிப்பா ஒண்ணு சுள்ளியில தெரியும், ட்ரெமெல்லா. மரத்தைத் தின்னுதுன்னுதான் நானும் நெனச்சேன், ஆனா அது தின்னறது மரத்தை இல்ல, அந்த மரத்துல இருக்கற இன்னொரு பூஞ்சையை. ட்ரெமெல்லா மெசென்டெரிகா தின்னறது பெனியோஃபோராங்கற பெயின்ட் பூசுன மாதிரி சப்பையா இருக்கற பூஞ்சையை. ட்ரெமெல்லா ஆரன்டியா தின்னறது மேல சொன்ன ஸ்டீரியத்தை. அதனால மஞ்சள் மூளையைப் பாத்தா அதைச் சுத்தி என்ன இருக்குன்னு பாருங்க, ஸ்டீரியம் இருந்தா ஆரன்டியாவா இருக்க வாய்ப்பு அதிகம். சாப்பாட்டை வெச்சு ஆளை அடையாளம் கண்டுபிடிக்கற மாதிரி.

ஜனவரி கடைசி பிப்ரவரில பாசிக்குள்ள செக்கச்செவேல்னு கிண்ணம் மாதிரி இருந்தா ஸ்கார்லெட் எல்ஃப் கப், சார்கோசிஃபா. சாம்பலும் பழுப்புமா இருக்கற காட்டுல குங்குமம் கொட்டுன மாதிரி தெரியும், ரெண்டு மூணுலேர்ந்து அஞ்சு சென்டிமீட்டர் வரைக்கும் இருக்கும். மண்ணுல முளைச்ச மாதிரிதான் தோணும், பாசியை விலக்கிப் பாத்தா அடியில ஒரு ஹேசல் குச்சியோ வில்லோ குச்சியோ புதைஞ்சிருக்கும். அது மேல மெதுவா மூச்சை ஊதிட்டுக் காதைக் கிட்ட வெச்சுக் கேளுங்க. ஈரமும் காத்தும் மாறுனதுல எல்லா ஸ்போரும் ஒரே நேரத்துல வெடிச்சுக் கிளம்பும், புகை மாதிரி ஒரு கீத்து எழும்பும், சில சமயம் 'உஸ்'னு சத்தம் கூடக் கேக்கும். ஆஸ்ட்ரியாக்கா, காக்சினியான்னு ரெண்டு இருக்கு, ரெண்டும் அச்சு அசல் ஒரே மாதிரி, கிண்ணத்துக்கு வெளிய இருக்கற முடி சுருண்டிருக்கா நேரா இருக்கான்னு மைக்ராஸ்கோப்ல பாத்தாத்தான் தெரியும். மைக்ராஸ்கோப் இல்லன்னா நோட்டுல சார்கோசிஃபான்னு மட்டும் எழுதிட்டு நிறுத்திக்கங்க, அதுல ஒண்ணும் கௌரவக் குறைச்சல் இல்ல.

சில சமயம் காளானே இருக்காது, கட்டையோட உள்பக்கம் மட்டும் மயில் கழுத்து கலர்ல பச்சை நீலமா இருக்கும். யாரோ பெயின்ட் கொட்டிட்டாங்கன்னு தாண்டிப் போயிடாதீங்க, அது க்ளோரோசிபோரியா விட்ட சாயம். 15ஆம் நூற்றாண்டுல இத்தாலிக்காரங்க மரத்துண்டு பதிச்சு சித்திரம் பண்ணுனப்ப பச்சைக்கு இந்தக் கட்டையைத்தான் தேடி எடுத்தாங்க. குட்டி கிண்ணம் வர்றது அபூர்வம், சாயம் வருஷம் முழுக்க இருக்கும்.

இப்ப அந்தக் கதை. குளிர்காலத்துல கில்ஸோட வர்ற காளான்ல ராஜா வெல்வெட் ஷேங்க், ஃப்ளமுலினா வெலூட்டிப்பஸ். செத்த எல்ம், வில்லோ, பீச் மாதிரி மரத்துல கொத்து கொத்தா, தேன் கலந்த ஆரஞ்சு கலர்ல, தொட்டா வழவழன்னு இருக்கும். காம்பு மேல மஞ்சள், கீழ போகப் போக கறுப்புப் பழுப்பு, லென்ஸ் வெச்சா வெல்வெட் துணி மாதிரி முடி. இது கெட்டியா உறைஞ்சு ஐஸ்கட்டி ஆனாலும் சாகாது, உருகுனதும் விட்ட இடத்துலேர்ந்து ஸ்போர் தூவ ஆரம்பிச்சுடும். பனி மூடுன மரத்துல இதைப் பாக்கறப்ப யாரோ விளக்கு ஏத்தி வெச்ச மாதிரி இருக்கும்.

நான் ஒரு தடவை ஒரே கட்டையிலேர்ந்து ஆறு குடை பறிச்சுட்டு வந்தேன், எல்லாம் வெல்வெட் ஷேங்க்தான்னு எனக்கு சந்தேகமே இல்ல, ஸ்போர் பிரிண்ட் (குடையைப் பேப்பர்ல வெச்சு விழற ஸ்போர் தூளோட கலரைப் பாக்கறது) கூட சும்மா பழக்கத்துக்காகத்தான் போட்டேன். காலைல பாத்தா அஞ்சுல வெள்ளைத் தூள், ஆறாவதுல துருப்பிடிச்ச பழுப்பு. வயித்தைக் கலக்கிடுச்சு. ஆறாவது கேலரீனா மார்ஜினேட்டா. அதுல இருக்கறது அமாடாக்சின், உலகத்துல ஆளைக் கொல்ற காளான்கள்ல முக்கியமானதுங்க கிட்ட இருக்கற அதே விஷம். சாப்பிட்டா ஆறு மணிநேரத்துலேர்ந்து ஒரு நாள் வரைக்கும் ஒண்ணுமே தெரியாது, அப்புறம் வாந்தி பேதி, நடுவுல சரியாயிடுச்சுன்னு ஒரு நாள் ஏமாத்தும், அந்த நேரத்துல உள்ள கல்லீரல் போயிட்டு இருக்கும். வேக வெச்சாலும் வறுத்தாலும் அந்த விஷம் போகாது. அது ஒரே கட்டையில வெல்வெட் ஷேங்க் கூடவே முளைக்கும், நான் கண்ணால பாத்துட்டேன். கேலரீனாக்கு காம்புல சின்னதா ஒரு வளையம் இருக்கணும்தான், ஆனா மழையும் பனியும் அதை அழிச்சுடும், அன்னிக்கு என் குடையில வளையம் இருந்த அடையாளமே இல்ல. யாராவது தெரியாம சாப்பிட்டுட்டா வலி வரட்டும்னு காத்திருக்காம மிச்சக் காளானோட நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

அதனால கில்ஸ் இருந்தா ஒவ்வொரு குடைக்கும் தனித்தனியா பிரிண்ட். காம்பை நறுக்கிடுங்க. பாதி வெள்ளை பாதி கறுப்பா இருக்கற பேப்பர்ல கில்ஸ் கீழ பாக்கற மாதிரி வெச்சு, ஒரு சொட்டுத் தண்ணி குடை மேல விட்டு, டம்ளரால மூடி ராத்திரி முழுக்க விட்டுடுங்க. வெறும் வெள்ளைப் பேப்பர்ல போட்டா வெள்ளை ஸ்போர் தெரியவே தெரியாது, 'ஒண்ணும் விழல'ன்னு நெனச்சுடுவீங்க. உறைஞ்ச காளானைக் கொண்டு வந்தவுடனே ஹீட்டர் பக்கத்துல வெச்சா கூழாயிடும், ஆளில்லாத சில்லுனு இருக்கற ரூம்ல மெதுவா உருக விடுங்க, அப்புறம் பிரிண்ட் போடுங்க.

இதே சோதனைதான் சிப்பிக்காளானுக்கும். ப்ளூரோட்டஸ் ஆஸ்ட்ரியேட்டஸ் பீச் மாதிரி மரத்துல குளிர்லதான் நல்லா வரும், சாம்பல் நீலக் குடை, கில்ஸ் காம்பு மேல இறங்கி ஓடும், பிரிண்ட் வெள்ளை இல்லன்னா லேசான ஊதா. பழுப்பு விழுந்துச்சுன்னா க்ரெப்பிடோட்டஸ். ஊசியிலை மரத்துல பால் வெள்ளையா மெல்லிசா சிப்பி மாதிரி இருந்தா ப்ளூரோசிபெல்லா, பிரிண்ட் அதுக்கும் வெள்ளைதான், இங்க மரம்தான் காட்டிக் குடுக்கும். பல வருஷமா சாப்பிட்டுட்டு இருந்த காளான் அது, 2004ல ஜப்பான்ல அதைச் சாப்பிட்டு பத்து பேருக்கு மேல இறந்தாங்க, பெரும்பாலும் ஏற்கனவே கிட்னி பிரச்சனை இருந்தவங்க.

போட்டோ ஆப் பத்தி எல்லாரும் கேக்கறாங்க. வெச்சுக்கங்க, ஆனா அது சொல்றது ஒரு யோசனைன்னு மட்டும் எடுத்துக்கங்க. மரம், வாசனை, பிரிண்ட் கலர் எதுவும் அதுக்குத் தெரியாது, நீங்க காட்டற மேல்பக்கம்தான் தெரியும். போட்டோ எடுக்கறப்ப மேல ஒண்ணு, அடியில ஒண்ணு, குறுக்க வெட்டி ஒண்ணு, மரப்பட்டை ஒண்ணுன்னு எடுத்தா நாலு பேர்கிட்ட காட்டிக் கேக்க முடியும். கட்டையைப் புரட்டிப் பாத்தா அதே மாதிரி திருப்பி வெச்சுடுங்க, அடியில குளிருக்கு ஒதுங்கியிருக்கற பூச்சி பொட்டு நிறைய இருக்கும்.

கடைசியா ஒண்ணு, குளிர்காலத்துல மட்டும்தான் பாக்க முடியும். காத்தே இல்லாத ராத்திரி, பூஜ்ஜியத்துக்குக் கொஞ்சமே கீழ இருக்கற குளிர், நல்ல ஈரம், இது மூணும் சேந்தா பட்டை உரிஞ்ச கிளையில வெள்ளை முடி முளைச்ச மாதிரி ஐஸ் வரும். ஹேர் ஐஸ்னு பேரு. ஒவ்வொரு முடியும் மில்லிமீட்டர்ல நூறுல ரெண்டு பங்கு தடிமன்தான் இருக்கும், நீளம் இருபது சென்டிமீட்டர் வரைக்கும் போகும், வாரி விட்ட பாட்டி தலை மாதிரி வளைஞ்சு நிக்கும். கண்டம் நகருதுன்னு சொன்ன அதே அல்ஃப்ரெட் வெகனர் 1918லயே இதுக்கு ஒரு பூஞ்சை காரணமா இருக்கும்னு எழுதுனாரு, 2015ல அது எக்சிடியாப்சிஸ் எஃப்யூசான்னு உறுதி பண்ணுனாங்க. வெந்நீர்ல போட்டு அந்தப் பூஞ்சையைக் கொன்னுட்டா அதே கட்டையில முடி வர்றது நின்னுடுது.

அந்த மாதிரி ஒரு கிளை கிடைச்சா கையளவு துண்டு எடுத்துட்டு வாங்க. ராத்திரி தண்ணியில நல்லா ஊற வெச்சு, உறைபனி விழற அன்னிக்குக் காத்துப் படாத மூலையில வெளிய வெச்சுடுங்க. பட்டை இருக்கற பக்கம் ஒண்ணும் வராது, உரிஞ்ச பக்கத்தை மேல பாத்து வைங்க. காலைல வெயில் ஏறுறதுக்கு முன்னாடி எழுந்து பாக்கணும், மூச்சு பட்டாலே நுனி உருக ஆரம்பிச்சுடும், அதனால லென்ஸ் வெச்சுப் பாக்கறப்ப மூக்கையும் வாயையும் மப்ளரால மூடிக்கங்க.